பழைய காரைக் கொடுத்து வேறு கார் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய காரை மதிப்பிடக் கொண்டுவருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “விளம்பரத்தில் இதே மாடலுக்கு அவ்வளவு போட்டிருக்கிறதே, நீங்கள் ஏன் இவ்வளவுதான் சொல்கிறீர்கள்?” நியாயமான கேள்விதான். மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவசரமாகப் பதில் சொன்னால் அது சாக்குப்போக்கு மாதிரித்தான் கேட்கும். அதனால் எழுதியே அனுப்புகிறோம்.

விளம்பரத்தில் இருப்பது விற்கிறவர் கேட்கிற விலை. அந்த விலைக்கு விற்றதா என்பது வேறு விஷயம். மேலும் அது பழுது பார்த்து, கழுவி மெருகேற்றி, உத்தரவாதத்தோடு விற்பனைக்கு நிற்கும் வண்டியின் விலை. உங்கள் வண்டி அந்த நிலைக்குப் போய்ச் சேர என்ன செலவாகும் என்பதை அந்த விலையிலிருந்து நாங்கள் கழித்துக்கொண்டே வருகிறோம். கணக்குக்காக, உங்கள் கார் கடைசியில் 100 பங்குக்கு விற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர், பிரேக், சர்வீஸ், பெயின்ட் வேலை எல்லாம் சேர்த்து 8 பங்கு. விற்கும்வரை நிறுத்தும் இடம், முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி, நாளாக ஆக இறங்கும் மதிப்பு ஆகியவற்றுக்கு 4. பெயர் மாற்றத்துக்கும், விற்ற பிறகு உத்தரவாதத்தில் வரக்கூடிய வேலைக்கும் 3. எங்கள் லாபம் 8. மிச்சம் 77. வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும், கழிக்கும் முறை மாறாது. இந்த இடைவெளி உங்களுக்கு அதிகமாகத் தோன்றினால், நேரமும் பொறுமையும் இருந்தால், நீங்களே நேரடியாக விற்பதுதான் லாபம். இதை மறைப்பதில் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எங்களிடம் கொடுப்பதில் கிடைப்பது அலைச்சல் மிச்சம், ஒரே நாளில் கணக்கு முடிவது, விற்ற வண்டியில் பின்னால் கோளாறு கிளம்பினால் யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாதது.

இந்தக் கணக்கில் எழுதப்படாத இன்னொரு கழிவும் உண்டு: சந்தேகம். கியர்பாக்ஸில் ஒரு இரைச்சல் கேட்கிறது. ஆயில் மாற்றினால் போய்விடுமா, உள்ளே பேரிங் போயிருக்கிறதா என்று அந்த நேரத்தில் சொல்ல முடியாது. அப்போது பேரிங் போனதாகவே வைத்துத்தான் எவரும் விலை சொல்வார்கள், நாங்களும் அப்படித்தான். ஆகவே நல்ல விலை வேண்டுமென்றால் வண்டியை அலங்கரிப்பதைவிட எங்கள் சந்தேகத்தைக் குறைப்பதுதான் வழி. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

மதிப்பீட்டுக்குப் பகல் வெளிச்சத்தில், மழை இல்லாதபோது வாருங்கள். ஈரமான பாடியில் கீறலும் நிற வித்தியாசமும் தெரியாது. அதனால் பிற்பாடு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒரு தொகையைப் பிடித்துவைத்தே விலை சொல்வோம். முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியை எங்களிடம் விட்டுவிடுங்கள், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஓட்டிவந்த சூட்டில் தெரியாத பல விஷயங்கள் குளிர்ந்த எஞ்சினின் முதல் சில நொடிகளில் வெளியே வந்துவிடும். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கடகடக்கும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் சைலன்சரில் ஒரு வீச்சு நீலப் புகை வந்து அடங்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். இரவு முழுக்க நின்ற 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட் பக்கத்தில் ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். புகையின் நிறமும் பேசும்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் போகிறது, எஞ்சின் சூடான பிறகும் அடங்காமல் இனிப்பு வாடையோடு வரும் அடர்ந்த வெள்ளைப் புகை என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால்போல் வெளுத்த படலம் இருந்தால் சிலர் உடனே ஹெட் கேஸ்கெட் (ஆயிலும் கூலன்டும் கலக்காமல் எஞ்சினுக்குள் தடுக்கும் தகடு) போய்விட்டது என்பார்கள். தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி எஞ்சின் சூடேறாமலே நிற்கும் வண்டியிலும், குளிர்காலத்தில், அது வரும். அப்படித்தான் ஓட்டினீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாடியைப் பெயின்ட் கனம் அளக்கும் கருவியால் ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்போம். கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான், சில வண்டிகளில் 180 வரை போகும். 200-ஐத் தாண்டினால் மேலே இன்னொரு முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 500-க்கு மேல் போனால் அடியில் பட்டி போட்டிருக்கிறது, அதாவது ஒடுக்கு எடுத்த இடம். ஒரு கதவு மட்டும் மறுபெயின்ட் என்றால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எல்லா வண்டியிலும் யாராவது எங்காவது உரசியிருப்பார்கள். கூரையிலோ, கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண்களிலோ எண் ஏறினால் கதை வேறு. அங்கே பழுது பார்த்தது என்றால் அடி பலமாக விழுந்திருக்கிறது. பானட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா, எல்லாக் கண்ணாடியிலும் ஒரே தயாரிப்புக் குறி இருக்கிறதா என்றும் பார்ப்போம். முன்கண்ணாடி மாற்றியிருந்தால், அதன் பின்னால் கேமரா உள்ள வண்டியில் அந்தக் கேமராவை மறுபடி சீரமைத்த ரசீது கேட்போம். கண்ணாடி மாற்றுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிற வேலை அது.

விபத்தை மறைக்காதீர்கள். பழுது பார்த்த பில்லோடு சொன்ன விபத்து விலையில் ஓர் அளவுக்குத்தான் குறைக்கும். நாங்களே கண்டுபிடித்த விபத்துக்கு இன்னும் என்னென்ன மறைந்திருக்கிறதோ என்று சேர்த்துக் குறைப்போம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் யாரோ அடைத்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்படுவோம். வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படியே. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் உள்பக்கத்தில் கறைக்கோடு தெரியும். சீட் தண்டவாள போல்ட்டில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், வயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஆகியவை எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் போகாது.

இப்போது மிகவும் பொதுவான தவறு ஒன்று. செக் எஞ்சின் விளக்கு எரிகிற வண்டியை, வரும் வழியில் யாரிடமாவது ஸ்கேனர் போட்டு, கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை அழித்துக்கொண்டு வருவார்கள். விளக்கு அணைந்துவிடும், ஆனால் கணினி தன்னைத்தானே சோதித்து முடித்த பதிவுகளும் அதோடு அழியும். எங்கள் ஸ்கேனரில் ‘சோதனை முழுமையாகவில்லை’ என்று வரும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் சோதனையும், எரிபொருள் ஆவி கசியாமல் தடுக்கும் அமைப்பின் சோதனையும் முழுமையாகப் பல நாள் ஓட்டம்கூட ஆகலாம். பேட்டரி மாற்றினாலும் பல வண்டிகளில் இதே நிலை வரும், ஆகவே அண்மையில் பேட்டரி மாற்றியிருந்தால் பில்லைக் கொண்டுவாருங்கள். விளக்கு எரிந்தால் எரியவிட்டே கொண்டுவாருங்கள். அழிக்காத குறியீடு பெரும்பாலும் ஒரு சென்சாரின் விலையோடு போய்விடும். அழித்த குறியீடு அதைவிடப் பெரிய ஒன்றாகவே எங்கள் கணக்கில் விழும்.

டயர்களின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி 4 எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2321 என்றால் 2021-ன் 23-ஆவது வாரம். புது டயரில் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6-க்கு இறங்கும்போது பள்ளத்துக்குள் உள்ள தேய்மானக் கட்டைகள் ரப்பரோடு சமமாகிவிடும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்டோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ சரியில்லை. இரண்டு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டியது. நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம். இதற்காக வருமுன் 4 டயரும் புதிதாகப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் சில்லறை விலையில் வாங்கிப் போட்ட டயருக்கு நாங்கள் எங்கள் கொள்முதல் விலைக்குத்தான் மதிப்புக் கொடுக்க முடியும், அதுவும் முழுதாக அல்ல. ஒடுக்கு எடுப்பதும் மறுபெயின்ட் அடிப்பதும் அப்படித்தான், இன்னும் மோசம்: புதுப் பெயின்ட் வாடை வந்தால் எதை மூடினார்கள் என்று தேடத் தொடங்குவோம். செலவழித்தால் திரும்பி வருவது சின்னச் சின்ன வேலைகள்தான். எரியாத பல்பு, தேய்ந்த வைப்பர் ரப்பர், உடைந்த கைப்பிடி, உள்ளே நன்றாக ஒரு வாக்குவம். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், ஆயில் கசிவின் தடயத்தை மறைக்கத்தான் கழுவினீர்கள் என்று தோன்றும்.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மாற்றிய பில் முக்கியம். குறிப்பேட்டில் சொன்ன கிலோமீட்டரோ வருடமோ எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டிய ரப்பர் பெல்ட் அது. அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்வோம், நீங்கள் உண்மையில் மாற்றியிருந்தாலும். மீட்டர் எண்ணையும் சர்வீஸ் பில்களில் உள்ள எண்களோடு வரிசையாக ஒப்பிடுவோம். ஆகவே பழைய பில்களை, கசங்கியிருந்தாலும், பையோடு அள்ளிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது சாவி, ஜாக்கி, வீல் லாக் நட்டின் சாவி, நீங்கள் மாற்றிவைத்த ஸ்டீரியோவுக்கும் விளக்குக்கும் உரிய பழைய அசல் பாகங்கள் ஆகியவையும் வேண்டும். மின்சாரக் கார் என்றால் சார்ஜிங் கேபிளும். ரிமோட் சாவி ஒன்று குறைந்தாலே புதிதாக வாங்கி வண்டியோடு பதிவுசெய்யும் செலவு உங்கள் தொகையில் இறங்கும். மின்சாரக் காரின் பேட்டரி நலத்தை நாங்கள் ஸ்கேனரில் படித்துக்கொள்வோம். இன்னும் இவ்வளவு ஓடும் என்று டேஷ்போர்டில் காட்டும் தூரத்தை நம்புவதில்லை, அது கடைசியாக ஓட்டியவரின் கால் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது.

பணக் கணக்கில் ஏமாறுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். புதுக் காரின் விலை 250 பங்கு, தள்ளுபடி 10, பழைய காருக்கு 77 என்றால் நீங்கள் மேலே கட்டுவது 163. பழைய காருக்கு 85 தருகிறோம் என்று சொல்லித் தள்ளுபடியை 2 ஆக்கினாலும் கட்டுவது அதே 163. ஆனால் இரண்டாவதைக் கேட்டுவிட்டு மனம் குளிர்ந்து போகிறவர்கள்தான் அதிகம். எங்களிடம் வந்தாலும் வேறு கடைக்குப் போனாலும், பழைய காரின் மதிப்பு, புதுக் காரின் விலை, கடன் விவரம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், பிறகு மேலே கட்ட வேண்டிய மொத்தத் தொகையை மட்டும் கடைக்குக் கடை ஒப்பிடுங்கள். மாதத் தவணையை வைத்து ஒப்பிடாதீர்கள், தவணைக் காலத்தை நீட்டினால் எந்த விலையும் மலிவாகத் தெரியும். சில இடங்களில் விற்பனை வரியைப் பழைய வண்டியின் மதிப்பு போக மீதிக்கு மட்டும் போடுவார்கள். அங்கே எங்களிடம் கொடுப்பதற்கும் வெளியில் விற்பதற்கும் உள்ள இடைவெளி அந்த அளவு சுருங்கும்.

பழைய காரில் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரிடம் கணக்கை முடிக்கும் தொகைக்கான கடிதம் வாங்கிவாருங்கள். மாத அறிக்கையில் காட்டும் அசல் பாக்கி போதாது. முடிக்கும் நாள்வரை வட்டியும், சிலரிடம் முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும் சேரும். அந்தக் கடிதத்துக்கு ஒரு கெடு தேதியும் இருக்கும். வண்டியின் மதிப்பு 77, பாக்கி 90 என்றால் 13 துண்டு விழுகிறது. அதைப் புதுக் கடனில் சேர்த்துக் கொடுக்க எங்களாலும் முடியும், ஆனால் சேர்க்காதீர்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை. கையில் இல்லாத காருக்கு வருடக்கணக்கில் வட்டி கட்டுவீர்கள். புதுக் காரும் முதல் ஆண்டிலேயே வேகமாக மதிப்பிழக்கும் என்பதால் அடுத்த முறை துண்டு இன்னும் பெரிதாகும். ஒன்று அந்த 13-ஐக் கையிலிருந்து கட்டுங்கள், இல்லையென்றால் இந்த வண்டியையே இன்னும் சில காலம் ஓட்டுங்கள்.

நாங்கள் எழுதிக் கொடுக்கும் விலை 7 நாளுக்கு, 500 கிலோமீட்டருக்குள் செல்லும். புதுக் கார் வர வாரக்கணக்கில் ஆகும் என்றால், அதுவரை நீங்கள் பழையதை ஓட்டுவீர்கள் அல்லவா, அதற்கு ஒப்படைக்கும் தேதி, அதிகபட்சக் கிலோமீட்டர், அதைத் தாண்டினால் எவ்வளவு குறையும் என்று தனியாக எழுதிக்கொள்வோம். வாய்ப்பேச்சில் விடாதீர்கள், டெலிவரி நாளன்று வரும் மனஸ்தாபம் பெரும்பாலும் இதிலிருந்துதான்.

ஒப்படைக்கும் முன் ப்ளூடூத்தில் ஏறிய தொடர்பு எண்கள், வழிகாட்டியில் உள்ள வீட்டு முகவரி, கேட் திறக்கும் ரிமோட் பதிவு எல்லாவற்றையும் அழித்து, காரோடு இணைத்த கைபேசிச் செயலியிலிருந்து வண்டியை நீக்குங்கள். நீக்காவிட்டால் வாங்கியவர் எங்கே போகிறார் என்பது உங்கள் கைபேசியில் தெரிந்துகொண்டே இருக்கும். டேஷ்கேம் மெமரி கார்டு, சுங்கச்சாவடி அட்டை, சீட்டுக்கு அடியில் உருண்ட பொருள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெயர் மாற்றம் முடியச் சில நாளாகும். அதுவரை பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும், வேறு யாரோ ஓட்டி விழுந்த அபராதம் உங்களைத் தேடி வரலாம். அதனால் தேதி, மணி, மீட்டர் எண், வண்டி எண், இரு தரப்புக் கையெழுத்து ஆகியவை உள்ள ஒப்படைப்பு ரசீது கையில் கிடைக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாறிய ஆதாரத்தின் நகலை நாங்கள் அனுப்புவோம். அது வந்த பிறகு காப்பீட்டை நிறுத்தினால் போதும்.

இப்படிக்கு,
பழைய வண்டி மதிப்பீட்டுப் பிரிவினர்