வயல் வயலாகவே இருக்க: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பேரவைக்கு வந்திருக்கும் நிலவுடைமையாளர்களே, குத்தகைதாரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கையில் வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த பெரிய வயலைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: "பங்காளிகளிடையே பேச்சு நடந்துவருகிறது." இந்த ஆண்டு அங்கே பேச்சும் இல்லை, வயலும் இல்லை. சரளை கொட்டி மட்டப்படுத்தி, வெள்ளையடித்த கற்களை வரிசையாக நட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் சிவப்பு எழுத்தில் மனை எண். தண்ணீர் பாய்ந்த மடை இருந்த இடத்தில் இப்போது 14-ஆம் எண் கல் நிற்கிறது.

அதை ஒருவரும் மிரட்டி வாங்கவில்லை என்பதைப் பேரவையின் முன் சொல்லியாக வேண்டும். தகப்பனார் காலமானபின் ஒரு போகம் விதைப்பு தள்ளிப்போனது. மறு போகத்துக்கு யார் செலவு செய்வது என்பது தீரவில்லை. வாய்க்கால் தூர்ந்தது, வரப்பு கரைந்தது, முள் மண்டியது. மூன்றாம் ஆண்டில் அக்கம்பக்கத்தார் அதைச் "சும்மா கிடக்கிற இடம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். வயல் என்ற பேர் போய் இடம் என்ற பேர் வந்த அன்றே அது நம் கையைவிட்டுப் போய்விட்டது. பத்திரப் பதிவு நெடுநாள் கழித்துத்தான் நடந்தது.

விற்பனை நடக்கும்போது ஓடிப்போய் நிற்கிறோம். நிலம் தரிசாகும்போது பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இது நம் சங்கத்தின் பழைய தவறு. செயலாளர் என்ற முறையில் எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே இந்த ஆண்டின் வேலையைச் செயற்குழுவின் ஒப்புதலோடு தரிசாவதைத் தடுப்பதன் பக்கம் திருப்பினோம்.

மாதக் கூட்டங்கள் அறுவடைக் காலம் தவிர எல்லா மாதங்களிலும் நடந்தன. மறைந்த உறுப்பினர்களுக்கு முதல் கூட்டத்திலேயே அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பங்கு பிரியாத நிலங்கள்

ஆண்டின் பெரும்பகுதி இதிலேயே போயிற்று. தாத்தா பெயரில் பத்திரம், அவருக்குப் பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று விரிந்த குடும்பங்களில் உழ ஆள் இருந்தும் கையெழுத்துப் போட ஆள் கூடுவதில்லை. ஒரு குடும்பத்தின் வாரிசுப் படத்தை நம் அலுவலக மேசையில் விரித்து எழுதியபோது ஒரு தாள் போதவில்லை. மூன்று தாள்களை ஒட்டினோம். அந்த மூன்றாவது தாளில் இருந்த ஒரு பெண்மணிக்கு, தமக்கு அங்கே நிலம் இருப்பதே நாம் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் தெரிந்தது.

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடம் என்று நினைத்திருந்தோம். ஜப்பானைப் பற்றிப் படித்தபோது மலைத்துப்போனோம். உரிமையாளர் யார், எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத நிலம் அந்த நாட்டில் சுமார் 41 லட்சம் ஹெக்டேர் என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்குழுவின் கணக்கு சொன்னது. கியூஷு தீவின் பரப்பைவிட அது அதிகம். வயல், காடு, வீட்டுமனை எல்லாம் அதில் அடக்கம். தலைமுறை தலைமுறையாகப் பெயர் மாற்றாமல் விட்டதன் விளைவு அது. கடைசியில் 2024 ஏப்ரல் முதல், வாரிசாக நிலம் பெற்றவர் அதை அறிந்த 3 ஆண்டுகளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டமே வந்தது. அதற்கு முன்பே, 2014-இல், மாகாணந்தோறும் நில வங்கிகள் ஏற்பட்டன. உழ முடியாதவர்களின் நிலத்தை ஒரு பொது அமைப்பு குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாகக் கிடப்பதை ஒன்றுசேர்த்து, உழ விரும்புபவருக்குக் கொடுக்கிறது. உடைமை உரியவரிடமே இருக்கிறது.

இதைப் பார்த்துத்தான் நம் வாரிசு உதவிக் குழு அமைந்தது. ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர் ஒருவரும், இளம் வழக்கறிஞர் ஒருவரும் வாரம் ஒரு மாலை உட்காருகிறார்கள். பங்கு பிரிப்பது அவர்கள் வேலை அன்று. பங்கு பிரியும்வரை இந்தப் போகம் யார் விதைப்பது என்பதற்கு மட்டும் எல்லோரிடமும் சம்மதக் கடிதம் வாங்குகிறார்கள். சொத்துச் சண்டைக்குள் நுழைந்திருந்தால் முதல் மாதத்திலேயே நம்மை விரட்டியிருப்பார்கள். விதைப்பைப் பற்றி மட்டும் கேட்டதால் பேச முடிந்தது. எல்லாக் குடும்பமும் இசைந்துவிடவில்லை. கையெழுத்துக்காக நாம் மூன்று முறை போய் வந்த ஒரு வீட்டில் நான்காம் முறை கதவே திறக்கவில்லை. அந்த நிலம் இப்போதும் முள்ளாகத்தான் கிடக்கிறது. அடுத்த செயலாளர் யாரானாலும் ஐந்தாம் முறை போக வேண்டும்.

எழுத்தில் இல்லாத குத்தகை

உடைமையாளர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் போட்டுவைப்பதற்கு அச்சம்தான் காரணம். எழுதிக்கொடுத்தால் நிலம் திரும்பாது என்கிறார்கள். எழுதாமல் உழுபவருக்கோ அதைவிடப் பெரிய அச்சம்: அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் குப்பை எரு கொட்டுவார்?

மேற்கு வங்காளத்தில் 1978-இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' பற்றி ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். நிலம் யாருடையது என்பதை அது மாற்றவில்லை. விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுபவர் இன்னார் என்று அதிகாரிகள் கிராமங்களுக்கே போய்ப் பதிந்தார்கள். 14 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர் ஏடேறியது. உழும் உரிமை பரம்பரைக்கும் நின்றது. விளைச்சல் கூடியதில் அந்தப் பதிவுக்கும் பங்கு உண்டு என்று பிற்காலப் பொருளியல் ஆய்வுகள் கண்டன. நம் உடைமையாளர் உறுப்பினர்கள் சிலர் அன்று முகம் சுளித்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பரம்பரை உரிமை என்ற சொல்லே அவர்களைக் கலங்கவைத்தது.

ஆகவே இரு தரப்பையும் உட்காரவைத்து, காலவரையறையுள்ள மாதிரி ஒப்பந்தம் ஒன்று தயாரித்தோம். நான்கே பக்கம்தான், ஆனால் நான்கு மாதம் ஆயிற்று. எந்தத் தேதியில் நிலம் திரும்ப வேண்டும், நிற்கும் பயிர் யாருக்கு, வாய்க்கால் தூர்வாருவது யார் பொறுப்பு என்பனவெல்லாம் ஓரளவு எளிதில் தீர்ந்தன. வரப்பில் நிற்கும் மரங்களைப் பற்றிய ஒரு வரிக்கு மட்டும் மூன்று கூட்டங்கள் பிடித்தன. மூத்த உடைமையாளர் ஒருவர், "மரம் என் அப்பா வைத்தது" என்றார். அவர் நிலத்தை இருபது ஆண்டுகளாக உழுபவர், "தண்ணீர் ஊற்றியது நான் ஐயா" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. காய் உழுபவருக்கு, மரம் உடைமையாளருக்கு, வெட்டுவதென்றால் இருவரும் ஒப்ப வேண்டும் என்று அன்றைக்கு எழுதிய வரி இப்போது ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு சங்கம் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

காப்பு மண்டலம் பற்றிய விவாதம்

விளைநிலத்தைச் சுற்றி எல்லை வகுத்து, அதற்குள் கட்டடம் எழும்பாமல் காப்பதே காப்பு மண்டலம். பிற நாடுகளில் இது எப்படி நடந்தது என்று ஒரு கூட்டத்தில் வாசித்தோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,000 ஹெக்டேர் நல்ல விளைநிலம் கட்டடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1972 டிசம்பரில் அரசு திடீரென விளைநிலப் பிரிவினைகளை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு சட்டம் இயற்றி, ஏறத்தாழ 47 லட்சம் ஹெக்டேரை வேளாண் காப்பு நிலமாக வரையறுத்தது. மாகாணப் பரப்பில் அது 5 சதவீதம்தான். அதே 1973-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கோட்டைத் தாண்டி வளராதே என்று எல்லை வகுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்து 1992-இல் நாடு முழுவதற்கும் சுமார் 4,38,000 ஹெக்டேர் பயிர்நிலம் எந்நாளும் குறையக் கூடாது என்று கணக்கிட்டு, அதை மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது.

இவற்றை வாசித்த கூட்டத்தில் ஒரு சிறு உடைமையாளர் எழுந்து கேட்ட கேள்விக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. "பக்கத்து நிலக்காரர் போன வருடம் விற்று, மகளைப் படிக்கவைத்துவிட்டார். என் நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டால் என் மகளை யார் படிக்கவைப்பார்?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு நிலப் பாதுகாப்பு பேசுவது நேர்மையாகாது. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) 1974-இல் தொடங்கிய திட்டம் ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே நிலத்தை வாங்காமல், அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் பொதுப்பணம் கொடுத்து வாங்குகிறார்கள். உழவர் பணமும் பெறுகிறார், உழவும் தொடர்கிறது, யாருக்கு விற்றாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகிறது. செலவு பிடிக்கும் வழிதான். ஆனால் ஊர் முழுவதற்கும் சோறு போடும் சுமையை ஒரு சிறு உடைமையாளரின் தோளில் மட்டும் ஏற்றுவதைவிட இது நியாயமானது. மண்டலம் கேட்டு மனு எழுதும்போது இழப்பீட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. அந்த மனுவை உரிய அலுவலகத்தில் நேரில் கொடுத்தோம். இருமுறை நினைவூட்டியும் பதில் வரவில்லை.

கேரளம் 2008-இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, ஊர்தோறும் வயல்களைப் பட்டியலிட்டு ஒரு தரவு வங்கி தயாரிக்கச் சொன்னது. பட்டியலில் விட்டுப்போனவையும் தவறாகச் சேர்ந்தவையும் பல ஆண்டுகள் வழக்காயின. 2018-இல் வந்த திருத்தம், பட்டியலில் இல்லாத நிலத்தைக் கட்டணம் செலுத்தி வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வழிவிட்டது. ஏட்டில் ஏறாத வயல் சட்டத்துக்குத் தெரிவதில்லை. நம் வட்டாரத்துப் பயிர் வரைபடத்தை நாமே வரையத் தொடங்கியது இதனால்தான். பாதிதான் முடிந்திருக்கிறது. மேற்குப் பகுதிக்கு ஆள் போதவில்லை. விடுமுறையில் வரக்கூடிய பிள்ளைகளின் பெயரைக் கூட்டம் முடிந்ததும் தாருங்கள்.

சூரியத் தகடுகள் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தைக் கேட்டு வருபவர்கள் இப்போது மனைக்காக மட்டும் வருவதில்லை. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் சங்கம் நமதல்ல. ஜப்பானில் 2013 முதல், உயரத் தூண்களில் தகடுகளை நிறுத்தி அடியில் பயிர் செய்ய அனுமதிக்கிறார்கள்; விளைச்சல் அக்கம்பக்கத்து அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. பிரான்ஸ் 2024-இல் வகுத்த விதி இன்னும் கடுமை: 90 சதவீதம் விளைந்தாக வேண்டும். ஒப்பந்தத் தாளோடு வருபவரிடம் நம் உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது, அடியில் என்ன விளையும், அதை யார் அளப்பார்கள் என்பதே.

குழி

டிசம்பர் 5, உலக மண் நாளன்று, உறுப்பினர் ஒருவரின் வயல் ஓரத்தில் இடுப்பளவு குழி வெட்டினோம். மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுத்த மண், அதில் நூல் நூலாக வேர், விரலால் குத்தினால் உதிர்ந்தது. அதன் கீழே வெளிறிய இறுகல். எல்லா விளைச்சலும் அந்த ஒரு சாணில்தான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக 1000 ஆண்டுகள்வரை ஆகலாம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது.

சரளை கொட்டிய கிழக்கு வயலின் ஓரத்திலிருந்தும் ஒரு கட்டி எடுத்துவந்திருந்தோம். லாரிச் சக்கரம் ஏறி ஏறி ஓடு போல் ஆகியிருந்தது. ஒரு சிறுமி இரண்டின் மேலும் ஒரே குவளையால் தண்ணீர் ஊற்றினாள். வயல் மண் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது. மற்றதன் மேல் தண்ணீர் குளம்போல் தேங்கி, பிறகு ஓரமாக வழிந்தது. "இதைத் திரும்ப வயலாக்க முடியாதா?" என்று அவள் கேட்டதற்கு எங்களில் யாரும் உடனே வாய் திறக்கவில்லை.

விதித் திருத்தம்

நம் விதிப்படி பத்திரத்தில் பெயர் உள்ளவரோ குத்தகைதாரரோதான் உறுப்பினர். உலகில் நிலம் வைத்திருப்போரில் பெண்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கு. நம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன், நாமும் மேலானவர்கள் அல்ல. விதைப்பிலிருந்து களம்வரை நிற்கும் அம்மாக்கள் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் வாக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கணவர் இறந்த மறுநாள் நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இக்கட்டில் நிற்பவர்களும் அவர்களே. நிலத்தில் உழைக்கும் எவரும் உறுப்பினராகலாம் என்ற திருத்தத்தைச் செயற்குழு ஒருமனதாக முன்வைக்கிறது. இன்றே நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உதவிக் குழுவில் உட்கார்ந்த இருவருக்கும், வரைபடத்துக்காக வெயிலில் நடந்த பிள்ளைகளுக்கும் சங்கத்தின் நன்றி.

மண் நாளன்று வெட்டிய குழி, பள்ளி மாணவர்கள் வந்து பார்ப்பதற்காக இதுவரை மூடப்படாமல் கயிறு கட்டிக் கிடக்கிறது. அந்த வயலில் அடுத்த வாரம் உழவு. மதிய உணவுக்குப் பின் மூடப் போகிறோம். கறுத்த மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறோம். அதைக் கடைசியில் மேலே போட வேண்டும். வரக்கூடியவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.