எரிந்த காட்டில் வில் வேட்டை எளிதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் காட்டுத்தீ பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மரங்கள் எரிந்து காடு வெட்டவெளியாகிவிட்டதால் எல்க் மான் வேட்டைக்காரர்களுக்கு இனி கொண்டாட்டம்தான் என்று முடிந்திருந்தது. துப்பாக்கிக்காரர்களைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை. வில்லோடு போகிறவர்களுக்கு நிலைமை நேர் எதிர். 1972-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட இந்தியாவில் வேட்டை பற்றி எழுதுவது சிலருக்கு நெருடலாம். நான் வசிக்கும் அமெரிக்க மாநிலமான கொலராடோவில் வன உயிரின நிர்வாகத்துக்கான பணத்தில் பெரும்பகுதி வேட்டை உரிமக் கட்டணத்தில் இருந்துதான் வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தீயில் எல்க் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. 1988-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியது. அங்கிருந்த பல்லாயிரம் எல்க்குகளில் தீக்கும் புகைக்கும் நேரடியாகப் பலியானவை சில நூறுதான். வறட்சியும் தீயும் மேய்ச்சலைத் தின்றுவிட்டதால், அடுத்து வந்த கடுங்குளிரில் செத்தவை அதைவிட மிக அதிகம். ஏக்கர் கணக்கும் ஏமாற்றும். 2025 ஆகஸ்டில் கொலராடோவின் மீக்கர் நகரை ஒட்டி மூண்ட ‘லீ’ என்ற காட்டுத்தீயின் பரப்பு 1,37,000 ஏக்கருக்கு மேல் என்றால், அத்தனையும் சாம்பல் என்று பொருளில்லை. தீயின் எல்லைக்கோட்டுக்குள்ளேயே கருகாத பச்சைத் திட்டுகள் இருக்கும். தீ அடங்கியபின் அரசு வெளியிடும் மண் எரிப்புத் தீவிர வரைபடத்தில் எது லேசாக எரிந்தது, எது வேரோடு வெந்தது என்று நிறம் பிரித்துக் காட்டியிருப்பார்கள். வில்லாளி முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

துப்பாக்கிக்கு 300 கஜம் சாதாரணம். வில்லுக்கு மான் 40 கஜத்துக்குள் வர வேண்டும். 30 என்றால் இன்னும் நல்லது. கொலராடோவில் வில் பருவம் செப்டம்பர் 2 முதல் 30 வரை. அது எல்க் இணைசேரும் காலம் என்பதால், பெண் எல்க்கின் குரலை ஊதி ஆணை வரவழைப்பதுதான் முக்கிய உத்தி. அடர்ந்த காட்டில் ஒன்றும் தெரியாததால், குரலை நம்பி அது நெருங்கி வரும். எரிந்த காட்டிலோ 100 கஜத்திலேயே நின்று பார்க்கும். குரல் வந்த இடத்தில் பெண் எல்க் இல்லையென்றால் நாலு முறை கூவிவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஊதுகுழல் சரியில்லை என்று புதிது வாங்குகிறவர்கள் உண்டு. கோளாறு குழலில் இல்லை, நின்ற இடத்தில் இருக்கிறது. மேட்டு விளிம்பின் மறுபக்கச் சரிவில், விளிம்பில் இருந்து 25, 30 கஜம் கீழே நிற்க வேண்டும். ஊதுவதற்கு இன்னொருவர் இருந்தால் அவர் மேலும் 50 கஜம் பின்னால். ஆண் எல்க் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் விளிம்புக்கு வந்தே ஆக வேண்டும். வந்தால் அம்பின் எல்லைக்குள் வந்ததாக அர்த்தம். முதலில் கொம்பு நுனிகள் தெரியும். கண் மேலெழும் முன் கிடைக்கும் அந்த ஓரிரு நொடியில் நாணை இழுத்து முடித்திருக்க வேண்டும். கண் தெரிந்தபின் இழுத்தால் அந்த அசைவே காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் காற்று கெடுத்துவிடும். மலைச்சரிவில் விடிகாலைக் குளிர்காற்று கீழே இறங்கும், தரை சூடானதும் மேலே ஏறும். நிழலுள்ள காட்டில் இந்த மாற்றம் நிதானமாக நடக்கும். எரிந்த தரையோ கன்னங்கரேல் என்று கிடக்கிறது, மேலே இலைக்கூரையும் இல்லை. கிழக்குச் சரிவில் வெயில் பட்ட சற்று நேரத்திலேயே காற்று திரும்பத் தொடங்கிவிடும். இன்னொரு சங்கடம், சூடான எரிநிலம் பக்கத்துப் பச்சைத் திட்டில் இருந்து குளிர்காற்றை இழுக்கும். காலையில் மேய்ச்சல் முடித்து எரிந்த பக்கத்தில் இருந்து வரும் எல்க்கை எதிர்பார்த்துத் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், உங்கள் வாடை நேராக அதன் மூக்குக்குப் போகும். இதற்குப் பரிகாரம் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவதும், சில நிமிடத்துக்கு ஒருமுறை பொடி தூவிக் காற்றின் திசையைப் பார்ப்பதும்தான். காசு கொடுத்து வாங்கிய பொடி தீர்ந்தால் கவலையில்லை, காலடியில் சாம்பல் இருக்கிறது.

எரிந்த தரையில் சத்தமில்லாமல் நடப்பதும் கடினம். கரித்துண்டும் காய்ந்த குச்சியும் காலுக்கு அடியில் நொறுங்கும். மழை பெய்து காய்ந்த சாம்பல் அப்பளம் போல் உடையும். புதுச் சாம்பலில் குளம்புத்தடம் அச்செடுத்தாற்போல் விழும் என்பது ஒரு லாபம். ஆனால் அம்பு பட்ட மானைத் தொடரும்போது அதே சாம்பல் எதிரி. ரத்தம் உறிஞ்சப்பட்டுக் கருத்துவிடும். கரிந்த அடிமரத்தில் பட்ட ரத்தம் கண்ணுக்கே தெரியாது; வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தால்தான் தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்தால் ரத்தம் உள்ள இடம் நுரைக்கும். கார்பன் அம்பும் கருப்பு என்பதால், வெள்ளை அல்லது பளீர் பச்சை உறையும் இறகும் போட்டிருப்பது நல்லது. அம்பு கிடைத்தாக வேண்டும். அதில் நுரை ரத்தம் இருந்தால் நுரையீரல். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் வயிறு. வயிறு என்றால் ஆறு மணி நேரமாவது காத்திருந்துதான் தொடர வேண்டும். அவசரப்பட்டுக் கிளப்பிவிட்டால் மான் மைல்கணக்கில் போய்விடும்.

எந்த ஆண்டு போவது என்பது தனிக்கணக்கு. ஜூனில் எரிந்து மழையும் பெய்தால் செப்டம்பருக்குள் இளம்புல் வந்துவிடும், எல்க்கும் வரும். ஆகஸ்டில் எரிந்த காட்டில் அந்த ஆண்டு பெரிதாக ஒன்றும் முளைக்காது. எரிந்த பரப்பின் நடுவே போய்ப் பொழுதைப் போக்குவதில் பயனில்லை. இரண்டாம் ஆண்டில் இருந்து ஐந்தாம் ஆண்டு வரை மேய்ச்சல் செழிக்கும். ஆஸ்பென் மரம் வேரில் இருந்தே தளிர்விடும். அப்போதும் எல்க் இரவில் எரிந்த பக்கம் மேய்ந்துவிட்டு, பகலில் வடக்குச் சரிவின் பச்சைத் திட்டில்தான் படுக்கும். பத்தாண்டு கழிந்தபின் நிலைமை மறுபடி மோசமாகும். பட்டுநின்ற லாட்ஜ்போல் பைன் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, ஒரு கிலோமீட்டர் கடக்கவே அரை நாள் ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது உரிமமும் காலண்டரும். வெளிமாநிலத்தவருக்கு கொலராடோ எல்க் உரிமம் 700 டாலருக்கு மேல். மாநிலத்தின் பல பகுதிகளில் வில் உரிமத்தை அவர்களும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. ஒரு வேட்டைப் பிரிவு எரிந்தால் அதே உரிமத்தோடு இன்னொரு பிரிவுக்குப் போய்விடலாம். 2025 முதல் அவர்களுக்கு அது குலுக்கலாகிவிட்டது. ஏப்ரலில் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஜூலை ஆகஸ்டில் தீ வருகிறது. பருவம் தொடங்கும் முன்பே தீயால் மூடப்படும் பிரிவுகளுக்கு, இடமாற்றமோ பணம் திரும்பலோ தானாகவே கிடைக்கும்படி விதி செய்வதே நியாயம்.

காட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்ற மூடல் உத்தரவு தீயின் எல்லையோடு நிற்பதில்லை. சாலை, முகடு என்று தள்ளிப்போய் முடியும். போன் செயலியில் தீயின் எல்லையாகத் தெரியும் சிவப்புக் கோட்டினை நம்பி உள்ளே போனால், தேசிய வனத்தில் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. உத்தரவோடு வரும் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இறைச்சிக்கும் ஏற்பாடு வேண்டும். எலும்பு நீக்கிய ஆண் எல்க் 80 முதல் 100 கிலோ தேறும், முதுகில் 30 கிலோ வீதம் மூன்று நான்கு நடை. நிழல் இருக்காது, தொங்கவிடப் பட்டமரத்தை நம்பக் கூடாது. சாம்பல் ஒட்டிய இறைச்சியைக் கழுவி மாளாது என்பதால், தோலுரிக்கும் முன்பே தரையில் தார்ப்பாய் விரித்துவிட வேண்டும். காற்று வீசும் நாளில் பட்டமரங்களுக்கு இடையே கூடாரம் போடுவதும், எரிசரிவுக்குக் கீழே ஓடையோரம் தங்குவதும் உயிருக்கு உலை. வெந்த மண் தண்ணீரை உறிஞ்சாது. 2020-இல் கொலராடோவில் மூண்ட ‘கேமரன் பீக்’ காட்டுத்தீயில் 2,08,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. மறு ஆண்டு ஜூலையில் அந்த எரிநிலத்தில் பெய்த மழை, பூட்ர் பள்ளத்தாக்கில் வீடுகளையும் ஆட்களையும் அடித்துப்போனது.

இப்படிக்கு,
வாசகர்,
டென்வர், கொலராடோ