வீதியை அகலிக்குமுன் வாகனங்களை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் போக்குவரத்து நெரிசல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வீதியை அகலிக்க வேண்டும், பார லொறிகளை மறிக்க வேண்டும் என்ற இரண்டு தீர்வுகள்தான் சொல்லப்படுகின்றன. எந்த வீதியில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எந்த வகை வாகனம் கூடுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பாலையூற்றுப் பக்கமிருந்து நகரப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுவது என் தொழில். விடுமுறைக் காலத்தில் கந்தளாய், மூதூர், புல்மோட்டை என்று ஹயரும் (வாடகை ஓட்டம்) போவேன். இந்த மாவட்டத்து வீதிகள் காலத்துக்குக் காலம் வேறு வேறு விதமாக நிறைவதைக் கண்ணால் பார்க்கிறவன் நான். அடுத்த வேலைக்குப் பணம் ஒதுக்குமுன் வாகனங்களை ஒழுங்காக எண்ணுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நகரத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். உள்ளே வரப் பெரிய வீதிகள் மூன்றுதான்: தெற்கிலிருந்து கண்டி வீதி (ஏ6), மேற்கிலிருந்து அநுராதபுர வீதி (ஏ12), வடக்கிலிருந்து நிலாவெளி வீதி. மட்டக்களப்பிலிருந்து வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக வரும் ஏ15 நகருக்குத் தனியாக வருவதில்லை. வெள்ளைமணலைக் கடந்து சீனக்குடாப் பக்கத்தில் கண்டி வீதியோடு சேர்ந்துவிடுகிறது. கந்தளாயும் தம்பலகாமமும் ஏற்கெனவே அதே கண்டி வீதியை நம்பித்தான் இருக்கின்றன. ஆக, மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளில் கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல், தம்பலகாமம், கந்தளாய் என்ற ஆறு பிரிவுகளின் சனம் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பொது வைத்தியசாலைக்கும் ஒரே வாசலால் நுழைகிறது. கடலை நிரப்பி இன்னொரு வாசல் திறக்க முடியாது.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன் ‘பாதை’யில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில், ஏறித்தான் அந்த நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டும். பாதைக்குக் காத்து நின்ற வரிசையை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூதூர்ச் சனம் லோஞ்சில் (பயணிகள் படகு) வந்து இறங்கி, நடந்தே கடைத்தெருவுக்குப் போகும். அவர்களோடு வாகனம் வராது. பாலங்கள் வந்தது பெரிய வரம், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் துறையில் நின்ற வரிசை காணாமல் போய்விடவில்லை. அது மோட்டார் சைக்கிளாகவும் ஓட்டோவாகவும் பஸ்ஸாகவும் மாறி, நகரத்துச் சந்திகளுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து எவ்வளவு வாகனம் வந்து சேரும் என்று கணக்கிட்டு நகரத்துக்குள் ஒரு தரிப்பிடமாவது கூடுதலாக ஒதுக்கியிருந்தால், இன்று கடைத்தெருவின் இரு கரையும் வாகனம் நிறுத்தும் இடமாகியிருக்காது.

கணக்கில்லாத இடத்தில் உயிரும் போகிறது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாமல் கிடந்தபோது, 2021 நவம்பர் 23 அன்று இழுவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். ஒரு காலையில் அந்தத் துறையை எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்ற ஒரேயொரு எண், பணம் ஒதுக்குகிறவர்களின் மேசையில் ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்திருக்க வேண்டும்.

இனி லொறிகள். சீனக்குடாவில் சீமெந்து ஆலையும் கோதுமை மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இருப்பதால் கண்டி வீதியில் கனரக வாகனம் நிறைய ஓடுகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நகரத்துக்குள் வருவதே இல்லை. சீனக்குடாவிலிருந்து நேரே கந்தளாய், ஹபரணைப் பக்கம் திரும்பிவிடுகின்றன. அங்கே வாகனம் அதிகம், நெரிசல் குறைவு. அந்தத் துண்டில் ஓட்டுபவர்களுக்கு இரவில் யானையும் மாடும் தூக்கமும்தான் ஆபத்து. நகரத்துக்குள்ளே லொறி குறைவு, நெரிசலோ அதிகம். வாகனத் தொகையும் நெரிசலும் ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொள்ளாமல் லொறியை மறித்தால், லொறிச் சாரதி பாதிக்கப்படுவாரே தவிர, பாடசாலை வாசலில் ஒரு நிமிடமும் மிச்சமாகாது.

அந்த வாசல்தான் நான் நாளும் பார்ப்பது. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது, பகல் 1.30க்கு விடுகிறது. பெரிய பாடசாலைகள் பலவும் நகரத்துக்குள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. ஏழு மணியிலிருந்து அரை மணித்தியாலம் வான், பஸ், ஓட்டோ, பிள்ளையை முன்னும் பின்னும் ஏற்றிய மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே நேரத்தில் அதே சில தெருக்களுக்குள் இறங்கும். எட்டு மணிக்கு அந்தத் தெருக்களில், நகரத்துக்குள் திரியும் மான்கள் ஆறுதலாகக் கடந்து போகும். பகல் ஒன்றரைக்கு இன்னும் மோசம், ஏனென்றால் காலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் பகலில் வந்து காத்து நிற்பார்கள். அரை மணி நேரச் சிக்கலுக்கு வருடம் முழுக்க நிற்கும் மதிலையும் மரத்தையும் இடித்து வீதி அகலிக்கத் தேவையில்லை. இரண்டு பாடசாலைகள் கால் மணி நேரம் முன்பின்னாக விட்டால் எவ்வளவு குறையும் என்று ஒரு வாரம் செய்து பார்க்கலாம். செய்யுமுன்னும் செய்த பின்னும் எண்ணிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

ஓகஸ்ட் வந்தால் காட்சி தலைகீழ். பாடசாலை விடுமுறை என்பதால் காலை நெரிசல் இல்லை. நிலாவெளி வீதி திணறும். மே முதல் செப்ரெம்பர் வரை நம் கரையில் கடல் அமைதியாக இருப்பதால் தென்பகுதிச் சனமும் வெளிநாட்டவரும் உப்புவெளி, நிலாவெளி, புறாமலை என்று வருகிறார்கள். போயா (பௌர்ணமி) தினத்தை ஒட்டி நீண்ட விடுமுறை வந்துவிட்டால் சுற்றுலா பஸ்கள் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் வரிசை கட்டும். சிறுபோக அறுவடையும் அந்த நாட்களில்தான். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஏ6இல் ஊர்ந்துகொண்டிருக்கும், சில இடங்களில் வீதியின் பாதியில் நெல் காயும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை வரும்போது கடற்கரை வீதி வெறிச்சோடியிருக்கும்.

இதனால்தான் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சந்தியில் ஆளை நிறுத்தி எண்ணி, அதை வருடச் சராசரி ஆக்குவது இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. ஜூனில் எண்ணினால் அறுவடை தெரியாது, ஓகஸ்டில் எண்ணினால் பாடசாலை தெரியாது. 2020 முதல் 2022 வரை எடுத்த எண்ணிக்கை ஏதாவது இருந்தால் அதுவும் உதவாது. முதலில் கொரோனா முடக்கம், பிறகு எரிபொருள் வரிசை என்று வீதிகள் காலியாகக் கிடந்த காலம் அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. சீனக்குடாவின் 61 எண்ணெய்த் தாங்கிகளை அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் ஒப்பந்தமும் செய்தாயிற்று. அந்த வேலை முழுமையாக நடந்தால் பவுசர்களும் (எண்ணெய் ஏற்றும் லொறிகள்) இதே கண்டி வீதியில்தான் கூடும். இன்றைய அளவு கையில் இல்லாவிட்டால் நாளைய அளவை எதனோடு ஒப்பிடுவது?

எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். நெரிசல் உச்சத்தில் இருக்கும் சந்தியில் நின்று எண்ணினால் எண்ணிக்கை குறைவாகவே வரும், ஏனென்றால் வாகனங்கள் நகராமல் நிற்கின்றன. ஆகவே சந்தியைக் கடந்தவற்றை எண்ணுவதோடு, பின்னால் வரிசை எதுவரை நீண்டது என்பதையும் கால் மணிக்கொரு தரம் குறிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, சைக்கிள் மூன்றையும் ‘ஏனையவை’ என்று ஒரே கூட்டில் அடைக்கக் கூடாது. நம் நகரத்தில் அவைதான் அதிகம். சீனக்குடா, 4ஆம் கட்டை, அநுராதபுரச் சந்தி, உப்புவெளி, கிண்ணியாப் பாலம், கந்தளாய் ஆகிய ஆறு இடங்களில், பாடசாலை நடக்கும் ஒரு வாரம், ஓகஸ்டில் ஒரு வாரம், பெரும்போக அறுவடையில் ஒரு வாரம் என்று எண்ணினாலே பெரும்பாலான உண்மை வெளியே வந்துவிடும்.

யார் செய்வது என்பதில்தான் சிக்கல். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சீ, டீ தர வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம், உள்வீதிகள் உள்ளூராட்சி மன்றங்களிடம். ஒருவர் வீதியில் வரும் வாகனம்தான் அடுத்தவர் வீதியை அடைக்கிறது, ஆனால் கணக்கு ஒரே தாளில் வருவதில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இதை ஒரு தனி விடயமாக எடுத்து, எண்ணிக்கையைப் பிரதேச செயலகங்களின் அறிவித்தற் பலகைகளிலும் உங்களைப் போன்ற பத்திரிகைகளிலும் வெளியிட வேண்டும். ஏற்கெனவே எடுத்த அளவீடுகள் கோப்பில் இருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்டுப் பெறலாம். வாசகர்களில் யாராவது பெற்றிருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. மாணவர்களிடம் கேட்டால் வருவார்கள் என்றே நம்புகிறேன். பிள்ளைகளை இறக்கிய பிறகு பகல் வரை எங்களுக்கும் நேரம் உண்டு. தாளும் பேனாவும் தந்து, எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னால் 4ஆம் கட்டையில் நிற்க நானும் தயார், என்னோடு வான் ஓட்டும் நண்பர்கள் சிலரும் தயார்.

இப்படிக்கு,
பாடசாலை வான் சாரதி ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.