8-ஆம் வகுப்பு: பாம்பன் பால மாதிரி, இணை விவரம் தேவை

பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்து புதிய பாம்பன் ரயில் பாலத்தின் மாதிரியைச் செய்ய வேண்டும். ஒப்படைக்கும் நாள் ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, காலை 9.30 மணி.

1. அளவு 1:100. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். முழுப் பாலமும் வேண்டாம், 2 கி.மீ.க்கு மேல் நீளமுள்ளதை இந்த அளவில் செய்தால் 20 மீட்டரைத் தாண்டும், வகுப்பறை போதாது! கப்பலுக்கு வழிவிட மேலெழும் 72.5 மீட்டர் பகுதியும் இரு கோபுரங்களும் போதும். அதாவது தூக்குப் பகுதி 72.5 செ.மீ.

2. அது செங்குத்தாக 17 செ.மீ. உயர வேண்டும். நூல், கப்பி, மறுமுனையில் எதிர் எடை. மோட்டார் கட்டாயமில்லை.

3. அட்டை, ஐஸ் குச்சி, பசை போதும். கடையில் செய்து வாங்கிவர வேண்டாம். நாமே உட்கார்ந்து ஒட்டிக் கொடுப்பதும் அதே கணக்குத்தான்.

4. வேலையை இருவரும் பிரித்துக்கொள்ளட்டும். வீடுகள் தொலைவில் இருந்தால் ஒருவர் கோபுரங்கள், மற்றவர் தூக்குப் பகுதி. வெட்டும் முன் அளவுகளை இருவரும் ஒப்பிட்டுக்கொள்வது அவசியம்.

5. கத்தியால் வெட்டும்போது மட்டும் பெரியவர்கள் அருகில் இருங்கள்.

இணை அமைந்தவர்கள் இரு பிள்ளைகளின் பெயரையும் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள். இணை கிடைக்காதவர்கள் ‘இணை தேவை’ என்று எழுதினால் சேர்த்துவிடுகிறேன். ‘சரி’, கைகூப்பும் படம் மட்டும் போட்டால் பட்டியலில் ஏறாது.