செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கூண்டுக் கிளிகளின் மறுவாழ்வு

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பறவைப் பணி பற்றி மட்டும் இங்கே.

வனத்துறை ஒப்படைத்தவற்றில் இந்த ஆண்டும் பச்சைக்கிளிகளே அதிகம். 2022 திருத்தத்துக்குப் பின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது வீட்டில் வளர்க்கக் கூடாத உயிரினங்களில், இக்கிளி இருப்பதால், பயந்துபோய்க் கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. "எப்போ பறக்க விடுவீங்க?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி.

உடனே முடியாது. பறக்காமல் இருக்க வளர்த்தவர்கள் கத்தரித்த இறகு வளராது. அந்தத் தண்டு உதிர்ந்த பிறகே புதிது முளைக்கும். உதிர்வோ ஆண்டுக்கு ஒருமுறை. தண்டைப் பிடுங்கிவிட்டால் சீக்கிரம் முளைக்குமே என்று யோசனை சொல்பவர்கள் கவனிக்க: இறகுக்குழி சிதைந்தால் கோணல் இறகு வரும், சில சமயம் எதுவுமே வராது. முளைக்கும் தண்டில் ரத்தம் ஓடும். பக்கத்தில் முதிர்ந்த இறகின் காப்பு இல்லாததால் கம்பியில் மோதினாலே ஒடிந்து ஒழுகும். எனவே அந்த வாரங்களில் கூண்டின் உட்புறம் நிழல்வலை கட்டுகிறோம்.

புது வரவுகளுக்கு 45 நாள் தனியறை. காய்ந்த எச்சத்தின் தூசியில் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். தரையை நனைத்த பிறகே பெருக்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம்.

சோறும் சூரியகாந்தி விதையும் தின்று வளர்ந்த கிளிக்குக் கொழுப்பு ஏறியிருக்கும், வைட்டமின் ஏ குறைந்திருக்கும். விதையை ஒரே நாளில் நிறுத்தினால் பட்டினி கிடக்கும், ஏனென்றால் கொய்யாவைத் தின்னும் பொருளென்றே அதற்குத் தெரியாது. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, கம்புக்கதிர், முருங்கைப்பூ, அத்திப்பழம் ஆகியவற்றைக் கிளையோடு தொங்கவிடுகிறோம். வாரம் ஒருமுறை எடை பார்க்கிறோம்.

இறகு முழுமையானதும் 30 அடிக் கூண்டு. இரு முனைகளிலும் வெவ்வேறு பருமனில் கொய்யாக் கொம்புகள். ஒரே பருமனான குழாயில் உட்கார்ந்தால் உள்ளங்கால் புண்ணாகும். இரண்டு சுற்றிலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கிளி இன்னும் தயாராகவில்லை. ஆளைக் கண்டதும் தோளில் வந்து உட்காரும் கிளியும் அப்படியே. எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் விடக்கூடாது, பூனைக்கோ வியாபாரிக்கோதான் போகும்.

விடுவிப்பது வனத்துறை அனுமதியோடு, கூட்டமாக, விடியற்காலையில். கதவைத் திறந்து ஒதுங்கிவிடுவோம், துரத்துவதில்லை. அடுத்த இரண்டு வாரம் கூண்டின் மேல் தீனித்தட்டு இருக்கும். மழை எச்சரிக்கை உள்ள வாரத்தில் திறப்பதில்லை.

பெரிய கூண்டின் கூரைவலை துருப்பிடித்துவிட்டது. துத்தநாகம் பூசிய புது இரும்பு (ஜி.ஐ.) வலையைக் கிளி கடித்தால் துத்தநாகம் உடலில் ஏறும். வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவிய பிறகே கட்ட வேண்டும். இதற்கான செலவுக்கும், கழுவ இரண்டு ஞாயிறு ஆட்களுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். பூச்சிமருந்து அடிக்காத கொய்யாக் கிளை தரக்கூடியவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதவும்.