வாசலில் கடல் இருந்தால் வீட்டில் குளம் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கடற்கரை வீடுகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான்காம் பத்தியின் கடைசி வரி இது: ‘எதிரே கடலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நீச்சல்குளம் கட்டுவது பணத்திமிர்.’ நான் 22 ஆண்டுகளாகக் கடலுக்கு எதிரே குடியிருப்பவள். எங்கள் வீட்டில் 6 ஆண்டுகளாக ஒரு குளம் இருக்கிறது. என் முகத்துக்கு நேரே சொன்னதுபோல அந்த வரி சுட்டது.

கட்டுரையாளர் எத்தனை நாள் கடலோரம் தங்கினார் என்று தெரியவில்லை. விருந்தாளியாக வந்து போகிறவர்களுக்குக் கடல் நல்ல முகத்தைத்தான் காட்டும். கூடவே வாழ்ந்து பாருங்கள். காற்று திரும்பினால் வாரக்கணக்கில் கால் வைக்க முடியாது. பெருமழை பெய்தால் ஆறும் சாக்கடையும் அடித்துக்கொண்டு வந்து சேர்வது அதே கடலில்தான். குறைந்தது ஒரு நாளாவது அதில் இறங்கக் கூடாது. ஜெல்லிமீன்கள் கூட்டமாக ஒதுங்கும் காலத்தில் பிள்ளைகளை மணலில்கூட வெறுங்காலுடன் விட மாட்டோம். ஒரு வருடம் நாட்காட்டியில் குறித்தே வைத்தேன். என் கணவர் பயமில்லாமல் இறங்கக்கூடிய நாட்கள் 41தான் தேறின.

அவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. தண்ணீரில் நடக்கச் சொன்னார் மருத்துவர். இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதியை நீரே தாங்கிக்கொள்ளும். கடல் இருக்கக் கவலை ஏன் என்று நாங்களும் உங்கள் கட்டுரையாளரைப் போலத்தான் நினைத்தோம். மூன்றாம் நாள், முழங்கால் உயரம்கூட இல்லாத ஓர் அலை வந்து திரும்பியது. திரும்பும்போது அவர் குதிகாலுக்கு அடியிலிருந்த மணலையும் அரித்துக்கொண்டு போனது. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த அலை முகத்துக்கு மேலே போயிற்று. என் கைக்குச் சிக்கியது சட்டைக் காலர் மட்டுமே. தள்ளி நின்றிருந்த இருவர் ஓடி வந்து தூக்கினார்கள். மூக்குக்கண்ணாடி போனது போனதுதான். அன்றைக்குப் பிறகு அவர் கடலை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்.

இன்று எங்கள் குளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு படி இறங்குகிறார். ஐந்தாவதாகக் கால் வைத்தால் தரை. நேற்று இருந்த அதே ஆழம். சுவரைத் தொட்டுத் திரும்புகிறார், மறுபடி நடக்கிறார். அரை மணி நேரம் யாரும் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் திமிரா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு மனம் கூசுகிறது. என் பேரனை ஒருநாள், ‘அலை உடையாமல் அமைதியாக இருக்கிற பக்கமாகப் பார்த்து இறங்கு’ என்று சொல்லி அனுப்பியது நான்தான். இரு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் கருத்த பட்டையாக அடங்கிக் கிடக்கும் அந்த இடம்தான், ஆளைக் கரையிலிருந்து இழுத்துப் போகும் இழுவை நீரோட்டம் கடலுக்குள் ஓடும் வழி என்பது, கடலோரத்தில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் உலக சாதனை 46.40 விநாடி. அதாவது விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல். வலுவான இழுவை அதையும் மிஞ்சும். அதில் சிக்கிக்கொண்ட பையன் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட இடத்தில் திரும்பினான். அதைக் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய நீச்சல் ஆசிரியர். அவன் நீந்தப் பழகியதும் ஒரு குளத்தில்தான்.

இப்போது பழைய கணக்குக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் அட்டைப்படத்தில், பெரியவர் யாரும் அருகில் இல்லாமல் ஒரு சிறு குழந்தை அலைக்குள் ஓடுவது போலப் படம் போட்டீர்கள். அன்றே இரண்டு பக்கம் எழுதினேன். அதில் தங்கள் இதழைப் பாராட்டிய முதல் மூன்று வரிகள் மட்டும் அச்சாகின. எச்சரித்த பகுதி போன இடம் தெரியவில்லை. கடலோர வீட்டுக்கு இரும்பு ஜன்னல் அழகு என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கீல்கள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததைப் பற்றி எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. ஆனாலும் சந்தாவை நான் நிறுத்தவில்லை.

குளத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிறு குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதனால்தான் எங்கள் குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் 1.2 மீட்டருக்குக் குறையாத வேலி, தானே மூடிக்கொள்ளும் கதவு. தண்ணீர் வீணாகிறது என்பீர்கள். இரவில் விரிப்புப் போட்டு மூடுகிறோம். ஆவியாவது பெருமளவு குறைகிறது. கிணற்றிலிருந்து ஒரு குடம்கூட எடுப்பதில்லை. கடலோரத்தில் நிலத்தடி நல்ல நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும் என்பது எங்களுக்கும் தெரியும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து வரும் அழுத்தம் தொட்டியையே மேலே தூக்கிவிடும். எங்களுக்குக் கட்டிக்கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை. தரையில் விரிசல் விட்ட பிறகுதான் தெரிந்துகொண்டோம். கடலோரத்தில் குளம் கட்ட நினைப்பவர்களுக்கு உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டியவை இவை. ஐந்து பக்கத்தில் இவற்றுக்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை, எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்ல மட்டும் கிடைத்தது.

நான் கேட்பது மிகவும் சிறியது. அடுத்த இதழில் ஒரு பக்க மூலையில், கட்டம் கட்டி, நான்கே வரி போடுங்கள்: இழுவை நீரோட்டத்தை எப்படி அடையாளம் காண்பது, சிக்கினால் எந்தப் பக்கம் நீந்துவது, குளத்துக்கு வேலி எவ்வளவு உயரம் வேண்டும். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். பேரனைப் பற்றிய பத்தியில் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகி