அப்பச்சிக்கு: அந்தப் போலீஸ் கார் கணக்கு

உ
சிவமயம்

கொலம்பஸ், ஒஹாயோ
20.1.2019

அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும்,

நானும் உங்கள் மருமகளும் குழந்தையும் இங்கு நலம். அங்கு உங்கள் நலமும் அப்பத்தா நலமும் அறிய ஆவல். பொங்கலன்று போனில் பேசும்போது நீங்கள் கோபமாக இருந்தது குரலிலேயே தெரிந்தது. குடும்ப வாட்ஸாப்பில் நான் போட்டது ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளைக் காரில் சாய்ந்து நிற்கிற அந்தப் படம் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரைக்கும் இவ்வளவு வேலை செய்யும் என்று நினைக்கவில்லை. அப்பத்தா, "பேராண்டியப் போலீசு பிடிச்சிருச்சாமே, மெய்யா?" என்று கேட்டாகளாம். பெரியப்பச்சி, நான் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அமெரிக்கப் போலீசில் சேர்ந்துவிட்டேன் என்று பிள்ளையார்பட்டிக் கோயிலில் வைத்து நாலு பேரிடம் சொல்லிவிட்டாகளாம். இரண்டும் இல்லை. போலீஸ்காரர்கள் ஓட்டிக் கழித்த காரை ஏலத்தில் எடுத்தேன்.

"போன்ல பேசுனாச் சரிப்படாது. பற்று என்ன, வரவு என்னன்னு எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டீர்கள். இதோ எழுதுகிறேன்.

இங்கே கார் இல்லாமல் பால் வாங்கக்கூட முடியாது. முதலில் வைத்திருந்த சின்னக் கார் அக்டோபரில் கியர்பாக்ஸ் போய் நின்றுவிட்டது. ரிப்பேர்ச் செலவு காரின் விலையைத் தாண்டியது. அப்போதுதான் இங்கே இருக்கிற பள்ளத்தூர் அண்ணன் இந்த யோசனையைச் சொன்னாக. இங்கே ஊராட்சி, மாவட்ட நிர்வாகம் எல்லாம் போலீஸ் வண்டிகளைச் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாக ஏலம் விட்டுவிடும். டாக்சிக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். "நம்ம காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டுத் தூணும் நிலையும் விக்கிற மாதிரிதான். என்ன இருக்குன்னு பாக்கத் தெரிஞ்சவனுக்கு லாபம்" என்றாக. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன்.

ஏலத்துக்கு முந்தின நாள் போய்ப் பார்க்கலாம். சாவி போட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாம், ஆனால் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். இருப்பது இருந்தபடி எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு வந்து அழக்கூடாது என்று தாளில் கையெழுத்து. ஏலம் நம் கோயிலில் எலுமிச்சம்பழத்துக்குக் கேட்கிற வேகத்தில் போனது. நான் 2,600 டாலருக்குக் கேட்டு எடுத்தேன். அதே வயதுள்ள சாதாரணக் கார் இதைப்போல இரண்டு பங்கு சொல்கிறார்கள்.

வண்டி, ஃபோர்டு கம்பெனியின் கிரவுன் விக்டோரியா, 2010 மாடல். இந்த ஊர்ச் சாலைகளில் போலீஸ் என்றாலே பல வருடம் இந்த வண்டிதான். கனடாவில் செயின்ட் தாமஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த தொழிற்சாலையில் செய்தார்கள். 2011 செப்டம்பரில் கடைசி வண்டி வெளியே வந்ததோடு தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். நம் அம்பாசடர் 2014இல் நின்றதே, அந்த மாதிரி. இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும்: கியர் கம்பு கீழே இல்லை, பழைய அம்பாசடர் ஹேண்ட் கியர் போல ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐயா காலத்துப் பிளசர் கார் நின்ற கொட்டகையில் சின்ன வயதில் நான் ஏறி உட்கார்ந்து விளையாடியது, முதல் நாள் அந்தக் கம்பைப் பிடித்தபோது ஞாபகம் வந்தது.

உள்ளே 4.6 லிட்டர் இன்ஜின், எட்டு சிலிண்டர். லாரிக்குப் போல தனி இரும்புச் சட்டம் போட்டு அதன்மேல் உடம்பை உட்கார வைத்திருக்கிறார்கள். குழியில் இறங்கி ஏறினால் சாதாரணக் கார் முனகும், இது முனகாது. நாள் முழுக்க ஓடும் வண்டி என்பதால் இன்ஜின் ஆயிலைக் குளிரவைக்கத் தனியாக ஒரு குளிர்விப்பான், ரேடியோ, சைரன், விளக்கு எல்லாவற்றையும் தாங்க, மின்சாரம் தரும் பெரிய ஆல்டர்னேட்டர், கெட்டியான ஸ்பிரிங், பெரிய பிரேக். ஸ்பீடோ மீட்டர் 140 மைல் வரைக்கும் போகிறது. (நான் 70ஐத் தாண்டியதில்லை. ஆத்தாவிடம் சொல்லுங்கள்.) அரசாங்க வண்டி என்பதால் தேதி தவறாமல் ஆயில் மாற்றியிருக்கிறார்கள். அதற்கான ரிக்கார்டு ஒரு கட்டு வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் காயலான் கடைகளில் குப்பையாகக் கிடக்கிறது, மெக்கானிக்குக்கும் இந்த வண்டி மனப்பாடம். இதெல்லாம் வரவு.

இனி, ஏலத்தில் நிற்கும்போது எனக்கே தெரியாத பற்று ஒன்று. மீட்டரில் 98,000 மைல் என்று இருந்தது. எட்டு வருட வண்டிக்கு நல்லதுதானே என்று எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தக் காகிதக் கட்டைப் புரட்டினால், நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியது 2,100 மணி நேரம் என்று இருக்கிறது. போலீஸ்காரர் சாலை ஓரமாக நிறுத்தி, உள்ளே கம்ப்யூட்டரும் ரேடியோவும் ஓட வேண்டும், குளிருக்கு ஹீட்டர் வேண்டும் என்று இன்ஜினை அணைக்கவே மாட்டார். அப்படி ஒரு மணி நேரம் ஓடினால் 33 மைல் ஓடியதற்குச் சமமான தேய்மானம் என்பது ஃபோர்டு கம்பெனியே சொல்லும் கணக்கு. 2,100ஐ 33ஆல் பெருக்கினால் 69,300. ஆக மீட்டரில் 98,000, இன்ஜினுக்கு 1,67,300. வட்டியை மறைத்து அசலை மட்டும் எழுதின பேரேடு மாதிரி. நீங்கள் கூட இருந்திருந்தால் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்டிருப்பீர்கள். நான் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்ஜின் தாங்குகிறது, அது வேறு விஷயம். இதே இன்ஜினோடு டாக்சியாக இரண்டு லட்சம் மைலைத் தாண்டி ஓடுகிறவை இங்கே உண்டு.

அடுத்தது ஒயர். விளக்கு, சைரன், ரேடியோ எல்லாவற்றையும் ஏலத்துக்கு முன் கழற்றிவிடுவார்கள். கழற்றுகிறவனுக்கு அவிழ்க்கப் பொறுமை ஏது? கத்தரித்துவிட்டுப் போயிருக்கிறான். டேஷ்போர்டில் ஓட்டை, கூரையில் ஆன்டெனா இருந்த இடத்தில் ஓட்டை. நவம்பர் மழையில் அந்தக் கூரை ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக என் தொடையில் விழுந்தது. நம் வீட்டு வளவு முற்றத்துக்குள் மழை விழலாம் அப்பச்சி, காருக்குள் விழக்கூடாது. ரப்பர் அடைப்பானும் பசையும் வைத்து அடைத்தேன். அது சரியானதும் தினமும் காலையில் பேட்டரி செத்துப்போகத் தொடங்கியது. மூன்று பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மெக்கானிக் டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கினால், கத்தரித்த ஒயர் ஒன்று தகட்டைத் தொட்டு ராத்திரி பூராவும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு 180 டாலர் கூலி.

டிரைவர் சீட்டின் வலது ஓரம் கிழிந்து பஞ்சு வெளியே தெரிகிறது. துப்பாக்கிப் பட்டை உரசிய இடம். பின்சீட்டு ரெக்ஸின், தரையில் கார்ப்பெட் கிடையாது, ரப்பர். கைதி வாந்தி எடுத்தால் குழாய் வைத்துக் கழுவத் தோதாகச் செய்தது என்றான் மெக்கானிக். உங்கள் மருமகள் மூன்று நாள் அதில் ஏறவில்லை. இங்கே கிடைக்கிற எந்த வாசனைத் திரவத்துக்கும் போகாத வாடை, மஞ்சள் தண்ணீருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் போனது. பின்சீட்டைக் கழற்றிக் கழுவும்போது இரண்டு பேனா, காய்ந்துபோன உருளைக்கிழங்கு வறுவல், ஒரு சின்னச் சாவி கிடைத்தன. கைவிலங்குச் சாவியாம். நம் வீட்டு முகப்புச் சாவி ஒரு முழம் நீளம், மனிதனையே பூட்டுகிற சாவி விரல் நகம் அளவுக்கு.

பெட்ரோல் குடிக்கும். ஊருக்குள் கேலனுக்கு 16 மைல் தருகிறது, நம் கணக்கில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. பின்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் பனியில் பின்பக்கம் மாடு மிரண்டது போல விலகி ஓடும். டிக்கியில் நான்கு மணல் மூட்டை போட்டு வைத்திருக்கிறேன். மூட்டை போட்ட பிறகும் இடம் மிச்சம். இந்தியன் கடையில் இருபது பவுண்டு அரிசி மூட்டை பத்து வாங்கினாலும் இந்த டிக்கி கேள்வி கேட்காது. சாலையில் பனி உருக உப்பு கொட்டுகிறார்கள். அதில் அடித்தகடு துருப்பிடிக்கிறது. வாரம் ஒருமுறை கீழே தண்ணீர் பீய்ச்சுகிறேன்.

பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னாலிருந்து வேகமாக மோதித் தீப்பிடித்த விபத்துகள் நடந்து, 2002இல் போலீஸ் வண்டிகளுக்குக் காப்புத் தகடு போட்டுத்தர கம்பெனி ஒத்துக்கொண்டது. என் வண்டியில் தகடு இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தேன். இருக்கிறது. இதை ஆத்தாவுக்கு வாசித்துக்காட்ட வேண்டாம்.

இதுவரை எழுதியதெல்லாம் ரூபாய் அணா பைசாவில் எழுதக்கூடியது. எழுத முடியாத ஒன்று இருக்கிறது.

விளக்கு இல்லை, எழுத்து இல்லை, கதவில் ஒட்டியிருந்த சின்னத்தை உரித்தாயிற்று. ஆனாலும் வெயில் படாத இடத்தில் பெயின்ட் மங்காமல், எழுத்தின் நிழல் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிறது. முன்கண்ணாடி ஓரத்தில், உள்ளிருந்தே திருப்புகிற நீண்ட கைப்பிடி விளக்கை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஏறினால் போதும், முன்னால் போகிறவன் எல்லோரும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பிரேக் போடுகிறான். 65இல் போகவேண்டிய சாலையில் என்னைச் சுற்றி ஒரு கூட்டமே 60இல் நெளிகிறது. யாரும் முந்துவதில்லை. முதல் வாரம் சிரிப்பாக இருந்தது, ஊர்வலத்தில் சாமி போகிற மாதிரி. ஒரு முறை நிஜப் போலீஸ்காரரே பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துக் குழம்பிப் போய்விட்டார். விளக்கு எரியாதவரைக்கும், போலீஸ் என்று நான் பாசாங்கு பண்ணாதவரைக்கும் இதை வைத்திருப்பது குற்றமில்லை. பண்ணினால் ஜெயில்.

டிசம்பர் நடுவில் ஒரு ராத்திரி, என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். கறுப்பர், ஐம்பது வயது இருக்கும், என் மேசைக்கு எதிர் மேசை. பனி கொட்டுகிறது. முன்சீட்டில் குழந்தைக்கு வாங்கின சாமான் இருந்ததால் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சீட்டையே பார்த்தார். "பத்தொன்பது வயசுல இதே மாதிரி சீட்டுல உட்கார்ந்திருக்கேன்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாமானை எல்லாம் பின்னால் வைத்துவிட்டு முன்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டு, "பெயின்ட் அடிச்சுருங்க" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் பிரேக் போட்டவர்களையெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் சிரித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

போன வாரம் பெயின்ட் கடையில் விட்டு எடுத்தேன். கதவுகளின் வெள்ளையும் போய் முழுக்க அடர்நீலம். 700 டாலர் ஆனது, விலையில் கால் பங்குக்கு மேல். கணக்கு பார்த்தால் நஷ்டம் என்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி விளக்கையும் கழற்றிவிட்டேன். அது ஒன்றுதான் கொஞ்சம் மனக்கஷ்டம், ராத்திரியில் வீட்டு நம்பர் தேட அதைப்போல வசதி இல்லை.

நீங்கள் இருவரும் மே மாதம் வரும்போது இந்த வண்டியில்தான் விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவேன். "போலீசு வண்டியில கைதி மாதிரி வந்து இறங்கமாட்டேன்" என்று ஆத்தா சொன்னாகளாம். இந்த வண்டியில் பின்கதவு உள்ளிருந்து திறக்காது, கண்ணாடியும் இறங்காது, அப்படித்தான் செய்து அனுப்புவார்கள். காயலான் கடையில் சாதாரண வண்டியின் தாழ்க்கம்பிகளை வாங்கி, நேற்று நானும் பள்ளத்தூர் அண்ணனும் சேர்ந்து மாட்டினோம். இடது பக்கம் சரியாகிவிட்டது. வலது பக்கம் இன்னும் இழுக்கிறது, அடுத்த சனிக்கிழமை பார்க்க வேண்டும். ஆத்தாவை இடது பக்கம் உட்கார வைக்கிறேன் என்று சொல்லுங்கள்.

வரும்போது கொஞ்சம் மாவடு, அப்பத்தா கையால் இடித்த பருப்புப் பொடி.

இப்படிக்கு
தங்கள் அன்பு மகன்